ஜூரிக்கு ‘நடுவர் குழு’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

1864ஆம் ஆண்டு ருஷ்ய நீதிச் சீர்திருத்தம் குறித்த நம் மொழிபெயர்ப்பில், வழக்கைக் கேட்டுக் குற்றம் உண்டா என்று சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள் குழுவான ஜூரியை ‘நடுவர் குழு’ என்றே எழுதலாம் என்கிறார் ஐயா. பட்டிமன்றத்திலிருந்து கோலப்போட்டி வரை பழகிய சொல் என்பது உண்மை. என் தயக்கத்துக்கும் அதுவே காரணம். நடுவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். ஜூரியில் அமர்பவரோ, குற்றவாளியா இல்லையா என்பதை மட்டும் சொல்லிவிட்டுத் தண்டனையை நீதிபதியிடம் விட்டுவிடுகிறார். அம்மையார் எடுத்துக்காட்டிய மதுரைக்காஞ்சியின் ‘அறங்கூறவையம்’ அழகிய தொடர்தான்; ஆனால் அது முறைவழங்கும் மன்றத்தையே சுட்டுவதால் அதிலும் இதே இடர் உண்டு.

சீர்திருத்தத்துக்கு முன் ருஷ்ய இதழ்கள் எந்த நாட்டு ஜூரி முறையைப் பின்பற்றுவது என்று வாதிட்டபோது, இதழாசிரியர் கத்கோவின் ‘ரூஸ்கி வேஸ்த்னிக்’ இதழ் இங்கிலாந்தின் அமைப்புகளைப் போற்றியது; பிரெஞ்சு முறைக்கும் ஆதரவாளர் இருந்தனர். அன்றைய இங்கிலாந்தில் ஜூரியின் பன்னிருவரும் ஒருமனப்பட வேண்டும். பிரான்சில் பெரும்பான்மை போதும். ருஷ்யச் சட்டமோ ஒருமனத்தை விரும்பி, கிட்டாதபோது பெரும்பான்மையை ஏற்று, வாக்குகள் சரிபாதியானால் குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் நின்றது. ஆகவே எண்ணிக்கையையோ ஒருமனத்தையோ சொல்லுக்குள் வைத்தால் ஒரு தரப்பு வாதத்தை நாமே முடித்துவைத்தவர்கள் ஆவோம்.

மூன்று நாட்டுக்கும் பொதுவாக எஞ்சுவது உறுதிமொழி. ‘ஜூரி’யின் லத்தீன் வேரும் அதுவே; ருஷ்யர்களும் ஒலியைக் கடன் வாங்காமல் ‘ஆணையிட்டு அமர்வோர்’ என்று பொருள்படவே பெயரிட்டனர். சூள் என்றால் ஆணை, உறுதிமொழி; எனவே ஜூரியைச் ‘சூளவை’ என்றும், உறுப்பினரைச் ‘சூளவையர்’ என்றும் முன்மொழிகிறேன். சங்கப் பாடல் படித்தவர்களுக்குத் தலைவனின் பொய்ச்சூள் நினைவுக்கு வரலாம், வரட்டுமே.

1878இல் பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரேப்பவைச் சுட்ட புரட்சியாளர் வேரா ஜாசூலிச்சை ஜூரி விடுவித்தபின், அதே கத்கோவ் ஜூரி முறையைக் கடுமையாகச் சாடினார். புகழ்ந்த நாளிலும் இகழ்ந்த நாளிலும் அவர் வாயில் ஒரே சொல் பொருந்த வேண்டும். ‘சூளவை’ இகழ்ச்சியில் இன்னும் உறைக்கும்: ஆணையிட்டவர்களே ஆணை பிறழ்ந்தார்கள் என்னும் குற்றச்சாட்டு சொல்லிலேயே ஒலிக்கும்.

வழக்கறிஞர் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் 1916இல் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்ட சேலத்தில் இருந்துகொண்டு, ‘ஜூரி’ என்றே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை; முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அதையும் அருகில் இடலாம். 1878ஆம் ஆண்டுப் பகுதியை இச்சொல்லுடன் உரக்கப் படித்துப் பார்த்து, நா இடறும் இடங்களைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி, சேலம்.