மல்லிகா சித்தியின் கழுத்து ஒப்பரேசன்: குடும்பக் குழுவில் பேசியது

*சேகர் மாமா, 6.42 மாலை:* இப்போதுதான் ஹட்டனில் வந்து இறங்கினோம். தங்கச்சியின் நாக்கு ஓரத்தில் இருக்கும் புண் புற்றுதான் என்று உறுதியாகிவிட்டது. ஆழம் 6 மில்லிமீட்டர். நாக்கில் அந்தப் பகுதியை எடுக்கும்போதே கழுத்தையும் திறந்து நெறிகளை, அதாவது நிணநீர்க் கட்டிகளை, எடுக்க வேண்டுமாம். ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருக்கிறது. பிறகு ஏன் கழுத்து?

*பெரியப்பா, 6.50 மாலை:* கழுத்தில் கை வைக்க விடாதீர்கள். மேல் லயத்தில் ஒருவருக்குக் கத்தி பட்ட பிறகுதான் உடம்பெல்லாம் பரவியது. கண்ணால் பார்த்தேன்.

*திவ்யா, 7.15 மாலை:* பெரியப்பா, நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் கத்தி படுவதற்கு முன்பே அவருக்குள் அது நடக்கத் தொடங்கியிருக்கும். கம்பஸில் நாங்கள் படித்ததைச் சொல்கிறேன்.

நாக்கின் மேல்தோலில் உள்ள கலங்கள் பக்கத்துக் கலத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பிடிக்கு ஈ-கெடெரின் என்ற புரதம் வேண்டும். அடியில் ஒரு மெல்லிய சவ்வு தரை போல விரிந்திருக்கும். அதைத் தாண்டினால்தான் இரத்தக் குழாயும், இழையத்திலிருந்து வடியும் நீரைக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாயும். புற்றுக் கலங்கள் அந்தச் சவ்வை நொதியங்களால் அரித்துக் கீழே இறங்கும்.

*ரவி அண்ணன், 7.19 மாலை:* ஒவ்வொன்றாகப் பிரிந்து போகுமா?

*திவ்யா, 7.31 மாலை:* சில அப்படியும் போகும். வாய்ப்புற்றில் பெரும்பாலும் கூட்டமாகவே போகும். பிடியை முழுதாக விடாமல், முன்னால் ஒன்றிரண்டு வழி எடுக்க, மற்றவை பின்னால். பெரியப்பாவின் கோவாத் தோட்டத்தில் பன்றி இறங்குவது போல. முதல் பன்றி வேலியை உடைத்த இடத்தில்தானே மற்ற எல்லாம் நுழைந்தன?

*பெரியப்பா, 7.33 மாலை:* ஆமாம். ஒரே ஒரு ஓட்டை.

*திவ்யா, 7.48 மாலை:* எனக்குத் தூக்கம் வராமல் செய்த விஷயம் இனித்தான். 2007-இல் லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில், சித்திக்கு வந்திருக்கும் அதே வகைப் புற்றுக் கலங்களை வளர்த்து, அவை எப்படி இறங்குகின்றன என்று பார்த்தார்கள். முன்னால் போய் வழி வெட்டியது புற்றுக் கலமே இல்லை. நம்முடைய சொந்த நார்க் கலம். காயம் பட்டால் ஓடி வந்து இழையத்தைத் தைப்பது அதன் வேலை. புற்று இரசாயனச் செய்தி அனுப்பி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அது நார்களை இழுத்து, அரித்து, ஒரு பாதை போடுகிறது. புற்றுக் கலங்கள் அந்தப் பாதையிலேயே வரிசையாகப் போகின்றன. வேலி அடைக்கப் போன ஆளே வேலியைத் திறந்துவிடுவது போல. பிறகு 2017-இல் பார்சிலோனாவில், நார்க் கலம் புற்றுக் கலத்தைக் கைபிடித்து இழுத்துப் போவதையே அளந்து காட்டினார்கள்.

*சேகர் மாமா, 7.55 மாலை:* சரி, போகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் தெரிய வேண்டாமா?

*திவ்யா, 8.04 இரவு:* ஒரு நெறிக்குள் சில ஆயிரம் கலங்கள் வந்து ஒட்டியிருந்தாலும் எந்த ஸ்கேனும் காட்டாது மாமா. நாக்கிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் இடம் கழுத்தில் இருக்கும் இந்த நெறிகள்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில், கழுத்தில் ஒன்றும் தென்படாத ஆரம்பநிலை வாய்ப்புற்று நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே கழுத்திலும் ஒப்பரேசன். மறு பாதிக்கு நெறி கட்டினால் மட்டும். 2015-இல் முடிவு வெளியானது. 500 பேரின் கணக்கு அது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பாதியில் 80 சதவீதம், மறு பாதியில் 67.5. நூற்றுக்குப் பன்னிரண்டு உயிர் வித்தியாசம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

*பெரியப்பா, 8.20 இரவு:* இது எனக்கு யாரும் சொல்லவில்லை பிள்ளை.

*மல்லிகா சித்தி, 8.26 இரவு:* எல்லாவற்றையும் வாசித்தேன். திவ்யா, கழுத்தை வெட்டினால் பிறகு கொழுந்துக் கூடை தூக்க முடியுமா?

*திவ்யா, 8.34 இரவு:* சித்தி, நல்ல கேள்வி. தோளைத் தூக்கும் நரம்பு கழுத்தில் அந்த நெறிகளை ஒட்டித்தான் போகிறது. அதைக் காப்பாற்றித்தான் செய்வார்கள். அப்படியும் சில மாதம் தோள் சோர்ந்து, கை மேலே போகாமல் இருக்கலாம். பயிற்சி சொல்லித் தருவார்கள், அதை விடக்கூடாது. எப்போது மலைக்குப் போகலாம் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பறிக்கிற வேலை என்று கட்டாயம் சொல்லுங்கள்.

*மல்லிகா சித்தி, 8.37 இரவு:* வெற்றிலைப் பையை இன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன்.

*சேகர் மாமா, 8.41 இரவு:* நரம்பு, தோள், மலை வேலை மூன்றையும் எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். ரவி, நீ கொழும்பில்தானே, வார்டுக்கு வந்துவிடு.

*பெரியப்பா, 8.43 இரவு:* நானும் வருகிறேன். காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், விட்டுவிட்டுப் போகாதீர்கள்.