கூண்டு ஏறிய பிறகு: கரையோரத்தவர் பகிர்ந்துகொண்டவை

வேதாரண்யம் பக்கம், பள்ளி ஆசிரியை

வடகிழக்குப் பருவமழைக்கான அறிவிப்புத் தாளை எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 என்று எண்கள் இருக்கின்றன. "தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற வரியும் வழக்கம்போல் இருக்கிறது. எந்தத் தெரு தாழ்வு, பாதுகாப்பான இடம் எது, யார் வந்து சொல்வார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. அதை நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். எச்சரிக்கை வந்தபோது உங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு கஜா. 2018 நவம்பர் 15 இரவு. ஓட்டு வீட்டைப் பூட்டிவிட்டு எதிர்வீட்டு மாடியில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். நள்ளிரவுவரை காற்று வடக்கிலிருந்து அடித்தது. ஜன்னல் கதவை இரண்டு பேர் முதுகு கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு திடீரென்று நின்றுவிட்டது. மழைகூட இல்லை. இளைஞர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடுகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். எங்கள் பெரியப்பா வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "ஒருத்தரும் இறங்கக் கூடாது, இனிமேல்தான் தெற்கிலிருந்து வரும்" என்றார். அவருக்குப் படிப்பு கிடையாது. 1952 புயலையும் 1977 புயலையும் பார்த்தவர். அரை மணி நேரம் ஆகியிருக்கும், தெற்கிலிருந்து வந்தது. தெற்கே சாய்ந்து நின்ற தென்னைகளை வடக்கே பிடுங்கிப் போட்டது. புயலின் கண் தலைக்கு மேல் போகும்போது காற்று நிற்கும், அப்போது வெளியே வரக் கூடாது என்பதை வானொலியிலும் சொன்னார்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் வானொலியை யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? வாசலில் உட்கார ஒரு பெரியப்பா வேண்டியிருந்தது.

தென்னந்தோப்புக்காரர், தலைஞாயிறு பக்கம்

டீச்சர், தென்னை பற்றி ஒரு வார்த்தை. புயலுக்கு முன் முற்றிய காயையும் அடிமட்டைகளையும் கழித்துவிட்டால் கொண்டை பாரம் குறையும் என்று தோட்டக்கலைத் துறையில் சொல்கிறார்கள். கஜாவில் கழித்த தோப்பும் விழுந்தது, கழிக்காத தோப்பும் விழுந்தது. அதைப் பற்றி யாரும் என்னிடம் கதை சொல்ல வேண்டாம். ஆனால் வீட்டை ஒட்டி நிற்கும் மரங்களுக்கு இதைச் செய்வது நல்லது. குலையோடு விழும் மரம் உத்திரத்தையே முறிக்கும். குலை இல்லாமல் விழுந்தால் ஓட்டோடு போய்விடும்.

இன்னொன்று: விழுந்ததை அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்துவிடுங்கள். மரத்தோடு நீங்களும், பின்னால் வீடோ கிணறோ தெரியும்படியாக. கணக்கெடுக்க வருகிறவர்கள் வருவதற்குள் பாதையை மறைத்துக் கிடக்கும் மரத்தை அறுத்துத் தள்ளியிருப்போம். பிறகு "எங்கே மரம்?" என்றால் அடிக்கட்டையைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

நாகப்பட்டினம், துறைமுகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்

புயல் என்றாலே எல்லோரும் கூண்டு கூண்டு என்கிறார்கள்; துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் குறிதான் அது. அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தொலைக்காட்சியில் "5-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்றால் தெருவில் கவலைப்படுகிறார்கள், "6 ஏறிவிட்டது" என்றால் கூடுதலாகக் கவலைப்படுகிறார்கள். 5-க்கும் 6-க்கும் அபாயம் ஒன்றுதான். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. புயல் இன்னும் கடுமையானதாக இருந்தால் இதே வரிசையில் 8, 9, 10. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1-உம் 2-உம் தொலைவில் கடலில் புயல் உருவாகலாம், அல்லது உருவாகிவிட்டது என்பதற்கு. 3-உம் 4-உம் வந்தால் துறைமுகமே மோசமான வானிலையில் சிக்கக்கூடும் என்று எச்சரிக்கை.

இவை கப்பல் மாலுமிகளுக்காக ஏற்பட்டவை. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் தொங்கும், இரவில் விளக்குகள். உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கூண்டு சொல்லாது. அதற்கு மழை எச்சரிக்கையைப் பாருங்கள். 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, ஆரஞ்சு. அதற்கு மேல் அதிகனமழை, சிவப்பு. அதுவும் மாவட்டத்தில் எங்காவது ஓரிரு இடங்களில் பெய்யலாம் என்பதுதான். சிவப்பு கொடுத்தார்கள், என் தெருவில் வெயில் அடித்தது என்று வானிலை மையத்தைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காயல்பட்டினம், கடைக்காரர்

ஐயா சொல்வது சரி. எங்களுக்கோ புயலே இல்லை. 2023 டிசம்பர் 17-உம் 18-உம். குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஓர் ஆண்டு முழுவதும் இங்கே பெய்கிற மழையைவிட அது அதிகம். புயலுக்குப் பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, நேரலை போட்டால்தான் ஊர் தயாராகிறது. பெயரில்லாத மழைக்கு யாரும் அரிசி வாங்கி வைக்கவில்லை. கடையில் கீழ்த்தட்டில் இருந்த சரக்கு முழுவதும் போயிற்று. இப்போது டிசம்பர் முடியும்வரை கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் வாளியும் துடைப்பமும்தான்.

கடலூர், தென்பெண்ணை முகத்துவாரத்துக்கு அருகில்

நான் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. இருந்தாலும் "கரையைக் கடந்தது" என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் முகாமிலிருந்து திரும்பிவிட்டார்கள். மேலே ஏற்றிய அரிசி மூட்டையை இறக்கினார்கள். புயல் உள்நாட்டுக்குள் போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. அது எங்களுக்கு அயலூர்ச் செய்தி. ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் தென்பெண்ணையில்தான் வர வேண்டும். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது.

எனக்கு முதலில் தெரிவித்தது கொல்லைப்புறம்தான். குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் துளை வழியாக, கலங்கிய தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. தெருவில் அப்போது தண்ணீரே இல்லை. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் முகத்துவாரத்தில் ஆற்றை வாங்கிக்கொள்ளவில்லை. ஆறு பக்கவாட்டில் வாய்க்கால்களில் ஏறி, வாய்க்கால் சாக்கடையில் ஏறி, சாக்கடை வீட்டுக்குள் வந்தது. அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனோம். பிறகுதான் தெருவுக்குத் தண்ணீர் வந்தது.

அறிவிப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முன்பு ஊருக்குள் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். ஒரு மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக அனுப்புவதை நிறுத்தும்படி 2022-இல் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுதினார்; நிறுத்தியது நியாயம். அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வருகிறது. அது பிரதான சாலையில் போகும், சந்துக்குள் நுழையாது. காற்றில் எங்களுக்குக் கேட்டது "...பொதுமக்கள்... கரையோர..." என்ற இரண்டு சொற்கள். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்தது. மின்சாரம் இல்லாமல் அம்மாவின் போன் அணைந்து கிடந்தது.

ஆகவே கடலோரத்தில் இருக்கிறவர்கள் கடலை மட்டும் பார்த்தால் போதாது, தங்கள் ஆற்றின் மேல்பகுதியில் எந்த அணை இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குச் சாத்தனூர். அடையாறு கரையில் இருப்பவர்களுக்குச் செம்பரம்பாக்கம். கொள்ளிடக் கடைமடையில் இருப்பவர்கள் மேட்டூரையும் முக்கொம்பையும் கவனிக்க வேண்டும். எங்கள் தெருவில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம்: அணை வெளியேற்றம் பற்றிச் செய்தி வந்தால் சந்துக்கு ஒருவர் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். பேட்டரி வானொலி இரண்டு வீட்டில் இருக்கிறது.

குமரி மாவட்டம், ஆழ்கடல் மீனவர் குடும்பம்

அக்கா, கதவைத் தட்டிச் சொல்ல உங்களுக்குக் கதவாவது இருந்தது. ஒக்கி வந்தபோது எங்கள் ஆட்கள் கரையிலேயே இல்லை. 2017 நவம்பர் 29 தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே கிளம்பி, எந்த வயர்லெஸ்ஸும் எட்டாத தூரத்தில் இருந்தன. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்பது கரையில் இருப்பவனுக்கான வாசகம். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கருவி இருக்கிற படகு, இல்லாத பக்கத்துப் படகுக்குக் கைகாட்டிச் சொல்வது இன்றும் நடக்கிறது. வாங்கியவர்கள் அதைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தாமல் மின்னேற்றி வையுங்கள்.

பருவமழைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வரும் கள்ளக்கடல். காற்று இருக்காது, மேகம் இருக்காது. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை இப்படித்தான் இழந்தோம். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. வெயிலில் பளிச்சென்று இருக்கும் கடலைப் பார்த்து அதை யார் நம்புவார்கள்? வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் உள்ளூர்க்காரர் சண்டை பிடித்தாவது கரையேற்ற வேண்டும். நாங்கள் பிடிக்கிறோம். திட்டும் வாங்குகிறோம்.

எண்ணூர்

மிக்ஜாம் சமயத்தில், 2023 டிசம்பரில், எங்களுக்கு வந்த வெள்ளத்தில் எண்ணெய் கலந்திருந்தது. யார் விட்டது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. சோப்பு போட்டுத் தேய்த்தால் பரவியது, போகவில்லை. தொழிற்சாலைப் பகுதியில் இருப்பவர்கள் வெள்ளத்தில் இறங்கினால் முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள், குழந்தைகளை இறக்கவே இறக்காதீர்கள். தண்ணீர் வடிந்ததும் சம்ப்பை, அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, முழுவதும் இறைத்துவிட்டுத்தான் பிளீச்சிங் பவுடர். எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் பவுடரைப் போட்டு ஒரு பயனும் இல்லை.

நாகை மாவட்டம், மகளிர் சுய உதவிக்குழு

நாங்கள் முகாமில் சமைக்கிறவர்கள். ஆண்கள் யாரும் இதை எழுதமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். பல்நோக்குப் பாதுகாப்பு மையத்துக்குப் பெண்கள் வரத் தயங்குவது புயலுக்குப் பயமில்லாததால் அல்ல. கழிவறைக்குத் தண்ணீர் இருக்குமா, தாழ்ப்பாள் இருக்குமா என்ற கேள்வியால்தான். ஒரு முறை கட்டடம் இருந்தது, மேலே தொட்டி இருந்தது, மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. கீழேயிருந்து குடத்தில் தூக்கினோம். மாடு கன்றுகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்ற பாட்டிகளையும் குற்றம் சொல்ல முடியாது. அவிழ்த்துவிட்டால் மாடு தானாக மேட்டைத் தேடிப் போகும், கட்டிப்போட்டால்தான் சாகும் என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால் கேட்கிறார்கள்.

பையில் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று எல்லாம் பிளாஸ்டிக் உறையில். இதை எல்லோரும் சொல்வார்கள். கூடவே சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை, நாப்கின், பாட்டியின் மூக்குக்கண்ணாடி. ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் எஞ்சினைக் கழற்றி மேட்டில் வைத்த பிறகே வலையைப் பற்றி யோசியுங்கள். படகுக்கு ஓட்டை விழுந்தால் அடைக்கலாம், எஞ்சினில் உப்புத் தண்ணீர் போனால் கடன்தான்.

வேதாரண்யம் பக்கம், பள்ளி ஆசிரியை

எல்லோரும் எழுதியதைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. மழைக்கு முன் நம் கையில் இருக்கும் கடைசிக் கூட்டம் அது; அடுத்தது நவம்பர் 1, அதற்குள் வாய்க்கால் நிரம்பியிருக்கும். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபோது, யாரிடம் கேட்பது என்றே பலருக்குத் தெரியவில்லை. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு, தீர்மானப் புத்தகமும் உண்டு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். "வடிகால் தூர்வார வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். எந்தச் சிறுபாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று எழுத வையுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நாங்கள் இந்த முறை வைக்கப் போகும் முதல் தீர்மானம்: பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கதவிலேயே எழுதி வைக்க வேண்டும்.

மகளிர் சுய உதவிக்குழு

டீச்சர், ஒரு சாவி போதாது. சாவி வைத்திருப்பவரே போன முறை கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார், பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். இரண்டாவது சாவி கிராம நிர்வாக அலுவலரிடம், மூன்றாவது எங்கள் குழுவிடம் என்று எழுதுங்கள். மோட்டாருக்கு டீசல் ஜெனரேட்டர் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.