வைசியாள் வீதித் திண்ணைகளில் கேட்டது

புதுச்சேரி என்றதும் எல்லோரும் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுத் தெருக்களைத்தான் எழுதுகிறார்கள். நான் மேற்கே, வைசியாள் வீதியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐரோப்பிய, ஆசிய நகரங்களை இணைத்த ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் இத்தாலியின் உர்பினோ நகரத்தோடு புதுச்சேரி கைகோத்திருந்த நேரம். வீட்டு முகப்புகளைப் பழையபடி ஆக்கும் வேலையை பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்நின்று செய்தது. செலவில் ஒரு பங்கு வீட்டுக்காரருடையது. படிக்கிற காலத்தில் அளவெடுக்க உதவியாக நானும் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

இந்த வேலையைப் பற்றித் தெருக்காரர்களுக்குக் கூட்டம் போட்டால் வருவது எப்போதும் அதே ஆட்கள்தான். தலையாட்டுவார்கள், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பேச்சு வெளியே வந்ததெல்லாம் திண்ணையில். தாழ்வாரத்துத் தூணை நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தெருவுல போறவங்களுக்கு அழகா இருக்கட்டும் தம்பி, நீ உள்ள வந்து மாடிய பாரு" என்றார். மெட்ராஸ் டெரஸ், அதாவது மரவிட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம், ஒழுகி, கூடத்தில் அண்டாவும் குடமுமாக வைத்திருந்தார்கள். விட்டம் ஒன்றைக் கறையான் பாதி தின்றிருந்தது. முகப்புக்குப் பணம் உண்டு, மாடிக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார், அது வேறு.

ஆனால் ஒன்று, முதல் சில வீடுகள் முடிந்ததும் தெருவின் பேச்சே மாறியது. கீழே மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், மேலே பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல். அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கு எப்ப?" என்று அவர்களே வந்து கேட்டார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது வந்தது. அதில் பாதி அந்த வீட்டுக்காரர்களுக்குச் சேர வேண்டியது என்பேன்.

மறுமொழி

எங்கள் வீடும் தமிழர் பகுதியில்தான். விருப்பம் இல்லாமல் இல்லை சார், கையெழுத்துதான் சிக்கல். பங்காளிகளில் இரண்டு பேர் பிரான்சில். ஒரு சித்தப்பா சரி என்று கடிதம் போட்டார். இன்னொருவர் விற்றுக் காசாக்கலாம் என்றார். கடைசியில் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரித்தோம். எங்கள் பாதி ஓடு வேய்ந்து நிற்கிறது. அடுத்த பாதியில் ஷட்டர் போட்ட கடை.

மறுமொழி

நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். 2014 நவம்பர் மழையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்த பிறகுதான், "எங்க வீட்டையும் கொஞ்சம் பாருங்க" என்று ஆட்கள் தேடி வந்தார்கள். போய்ப் பார்த்தால் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்புப் பூத்துக் காரை பெயர்ந்து விழும். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துப் பூச நாளாகும் என்றால் வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை. அடுத்த முறை கூட்டம் போடும்போது கொத்தனார்களையும் கூப்பிடுங்கள். எங்களை யாரும் கேட்பதே இல்லை.