பொதுக்கொள்கையைப் பிள்ளைகளுக்கும் ஊராருக்கும் விளங்கப்படுத்துறது: யாழ்ப்பாணத்து அனுபவப் பகிர்வு

கோண்டாவில் வாத்தியார்:

குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிற அனேகம் பேர், மாகாணத்துக்கு எது, மத்திக்கு எது, இரண்டுக்கும் பொது எது எண்டு அதிகாரத்தைப் பிரிக்கிற அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூன்று நிரல்களில்தான் (பட்டியல்களில்) தொடங்குவினம். மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் எண்டு பிள்ளைகளும் பாடமாக்கிச் சோதினையில எழுதிப்போடுவினம். வீட்டு ஒழுங்கை மாரிக்கு உடைஞ்சால் எந்தக் கந்தோருக்குப் போறது எண்டு கேட்டால் முழிப்பினம். நிரலைக் கடைசிக்கு வையுங்கோ.

முதல் பாடம் வீதி. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலயிருந்து பள்ளிக்கூடம் வாற வழியை ஒரு தாளில கீறட்டும். ஏ9 போல ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதாவது மத்திக்குச் சொந்தம். சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. மூன்றுக்கும் மூன்று நிறம் தீட்டினால், பள்ளிக்கு வாற ஒரு நடையில எத்தனை அரசாங்கத்தைக் கடக்கிறம் எண்டது தாளிலயே தெரியும். அதே படத்தில தெருவிளக்கைக் குறியுங்கோ: குமிழ் சபையின் பொறுப்பு, கம்பமும் கம்பியும் மின்சாரம் வழங்குறவையின்ரை. ஆஸ்பத்திரியும் அப்பிடித்தான். யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ், பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். இவ்வளவும் முடிய நிரலைக் காட்டினால், அதை ஆரும் பாடமாக்கத் தேவையில்லை.

ஒரு இடத்தில வகுப்பு நிண்டுபோகும். "அப்ப இப்ப மாகாண அமைச்சர் ஆர் சேர்?" எண்டு ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில முதல் தேர்தல் நடந்தது, அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஆளுநரும் செயலாளர்களும்தான் நிர்வாகம் பார்க்கினம். பாடநூல் வரைபடத்தில இருக்கிற முதலமைச்சர் பெட்டியை அழிக்காதேங்கோ, பக்கத்தில "வெற்றிடம்" எண்டு எழுதச் சொல்லுங்கோ. அந்தப் பெட்டி வெறுமையா இருந்தால் ஆருக்கு என்ன நட்டம் எண்ட கேள்வியில அரை மணித்தியாலம் தாராளமாப் போகும்.

வாசிகசாலைப் பொடியன்:

ஊராக்களுக்கு வரைபடத்தை விடக் கடிதம்தான் கெதியில விளங்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஒரு உண்மையான விண்ணப்பம் எழுதிப் பழக்கிறதைப் போல வேற பயிற்சி இல்லை. சட்டம் 2017 பெப்ரவரி 3இல நடைமுறைக்கு வந்தது. கையேடு அடிச்சுக் குடுக்கிறதோட நிக்கிற கூட்டங்களால ஒரு பிரயோசனமும் இல்லை. எழுதி, ஒப்படைச்சு, பதில் வாங்கும் மட்டும் போகவேணும்.

பிழைக்கிற முதல் இடம் கேள்வி. "எங்கட ஒழுங்கைக்கு ஏன் இன்னும் தார் போடேல்லை?" எண்டு எழுதினால் "நிதி கிடைத்ததும் கவனிக்கப்படும்" எண்டு ஒரு வரி வரும், பிறகு அந்த வரியோட ஆரிட்டையும் முறையிடேலாது. சட்டம் தாறது கந்தோரிட்டை இருக்கிற பதிவை. அதால பதிவைத்தான் கேட்கவேணும். இப்பிடி எழுதுங்கோ: "2024ஆம் ஆண்டு இவ்வட்டாரத்தில் திருத்தத்திற்குத் தெரிவான வீதிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரருக்குச் செலுத்திய தொகை, தெரிவு செய்யப்பட்ட கூட்டத்தின் கூட்டறிக்கைப் பிரதி." ஏன் கேட்கிறியள் எண்டு காரணம் எழுதத் தேவையில்லை. ஆர்.டி.ஐ. 1 எண்ட இந்தச் சட்டத்தின்ரை விண்ணப்பப் படிவம் இல்லாட்டியும் வெள்ளைத் தாள் காணும். எழுதத் தெரியாத ஆள் வாயால கேட்கலாம், அதை அலுவலர் எழுதி எடுக்கவேணும். கொழும்புத் திணைக்களம் எண்டால் பதிலைத் தமிழில தரும்படி அதிலேயே ஒரு வரி சேருங்கோ, சிங்களத்தில வந்த பதிலோட மொழிபெயர்க்க ஆள் தேடித் திரியிறது பெரிய கரைச்சல்.

இரண்டாவது, பற்றுச்சீட்டு. ஒப்படைச்ச உடன எழுத்தில ஏற்றுக்கொண்ட சான்று வாங்கவேணும். வாசலில இருக்கிறவரிட்டைக் குடுத்திட்டு வந்தால் நாள் எண்ணவே ஏலாது. முடிவு சொல்ல 14 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை எல்லாத்தையும் கழிச்சுத்தான் எண்ணவேணும், கலண்டரில வட்டம் போட்டுக் காட்டுங்கோ. தரமாட்டம் எண்டாலோ பதிலே இல்லை எண்டாலோ 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராட்டி இரண்டு மாதத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அனேகமான விண்ணப்பம் சாகிறது நடுவில இருக்கிற அந்த 14 நாளிலதான், "இன்னும் கொஞ்சம் பொறுப்பம்" எண்டு ஆக்கள் இருந்திடுவினம். உயிரோடயோ ஆளின்ரை சுதந்திரத்தோடயோ சம்பந்தப்பட்ட தகவல் எண்டால் 48 மணித்தியாலத்தில பதில் வரவேணும்.

நாவற்குழிக்காரர்:

மேலே சொன்னது சரி. ஆனால் எல்லாத்தையும் விண்ணப்பத்தில போய் முடிக்கக்கூடாது. உள்நாட்டு நிதியில 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமெண்டால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னமே அமைச்சர் மக்களுக்குத் தகவல் தரவேணும் எண்டு அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்லுது. கேட்காமலே வரவேண்டிய தகவல் எது, கேட்டு வாங்கவேண்டியது எது எண்டு பிரிச்சுக் காட்டாட்டி, அரசாங்கம் தானாச் சொல்லவேண்டிய கடமை ஆக்களுக்கு மறந்துபோகும்.

பாதீட்டை விட்டிட்டியள். சபையின் வரவுசெலவுத் திட்டம் ஜனவரி 1 தொடக்கம் டிசம்பர் 31 வரைக்கும். ஒரு பக்கம் போதும், முழுப் புத்தகத்தையும் விரிச்சால் கூட்டம் எழும்பிப் போயிடும். அந்தப் பக்கத்தில சம்பளம், எரிபொருள் போல மீண்டெழும் செலவுக்கு ஒரு நிறம், வடிகான், கட்டிடம் போல மூலதனச் செலவுக்கு இன்னொரு நிறம். அதுக்குப் பிறகு போன வருச மதிப்பீட்டையும் உண்மையில செலவானதையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ. ஒதுக்கின காசு எல்லாம் செலவான காசு எண்டு நினைக்கிறதுதான் ஊரில இருக்கிற பெரிய மயக்கம், அது அந்த இரண்டு நிரையிலயே தெளிஞ்சிடும். சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடுற வரி) நிலுவை நிரையையும் காட்டுங்கோ. சபையைத் திட்டினவை கொஞ்சம் அமைதியாவினம் (எல்லாரும் இல்லை).

மணற்காட்டுக்காரர்:

உயர்தர அரசியல் விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராக் கொண்டுவாற விவகாரத்தை விடத் திறமான பாடம் கிடையாது. கொள்கை எண்டால் ஒரு தெரிவு, அந்தத் தெரிவில ஆரோ ஒருத்தர் இழப்பினம் எண்டது அதில அப்பட்டமாத் தெரியும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள்ள நிண்ட கிணத்துத் தண்ணியில உரமும் மலக்குழிக் கழிவும் சேர்ந்து நைத்திரேற்று கூடினது. கிளிநொச்சி விவசாயிகள் வயலுக்குக் காணாது எண்டு இரணைமடுத் தண்ணி தரமறுத்தினம். பிறகு தாளையடியில கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், 2024 ஓகஸ்டில திறந்தது. உப்புக்கூடின கழிவுநீரால மீன் போயிடும் எண்டு அங்கத்தைக் கடற்றொழிலாளர் எதிர்த்தினம்.

இதை வகுப்பில நடிச்சு விவாதிக்க நாலு பாத்திரம் காணும்: கிளிநொச்சி விவசாயி, யாழ். நகர வீட்டுக்காரர், தாளையடி மீனவர், திறைசேரி அதிகாரி. வகுப்பு யாழ்ப்பாணத்தில நடக்கிறதால எல்லாரும் நகர வீட்டுக்காரருக்குச் சார்பாகவே கதைப்பினம். அதுக்கு மருந்து, பாதி நேரத்தில கதிரையை மாத்துறது. ஆரும் எந்த வழியைச் சொன்னாலும் "செலவு ஆற்ரை தலையில?" எண்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டுத்தான் இருக்கவேணும் எண்டு ஒரு விதி வையுங்கோ. திறைசேரிப் பாத்திரத்துக்குக் கூச்சமான பிள்ளையை விடாதேங்கோ, மற்ற மூண்டு பேரும் சேர்ந்து விழுங்கிப்போடுவினம்.

வாசிகசாலைப் பொடியன்:

அஸ்வெசும எண்ட அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டத்தையும் சேருங்கோ. கிராம அலுவலர்தான் பேரை வெட்டினவர் எண்டு ஊரெல்லாம் கோபம். 2023இல தொடங்கின திட்டத்தில 22 குறிகாட்டிகளை வைச்சுப் புள்ளி போட்டுத்தான் தெரிவு, பொறுப்பு நலன்புரி நன்மைகள் சபைக்கு. தனக்குக் கிடைக்கேல்லை எண்டால் மேன்முறையீடு, தகுதியில்லாதவருக்குக் கிடைச்சிட்டுது எண்டால் ஆட்சேபனை. இரண்டையும் மாறி எழுதினால் கடிதம் பிழையான மேசைக்குப் போகும். இதைச் சொல்லுறதுக்குப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு மாதர் சங்கக் கூட்டம்தான் தோதான இடம். தேர்தல் அறிவிச்ச பிறகு கூட்டம் வைக்காதேங்கோ, மேசையில ஆரோ ஒருத்தற்றை துண்டுப்பிரசுரம் வந்து இருந்திடும்.

தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததும் வாசிகசாலை அறிவித்தல் பலகையில ஒட்டுங்கோ. ஒட்டமுதல் விண்ணப்பிச்சவரின்ரை பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் கறுப்புப் பேனையால அடிச்சு, அதைப் பிரதி எடுத்து அந்தப் பிரதியைத்தான் ஒட்டவேணும். மையில அடிச்ச மூலத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சால் எழுத்துத் தெரியும்.