கைலில் ஓடிய மேக்ரோ சிக்கனில் 'இட்' இல்லை என்கிறது

கேள்வி:
வணக்கம். ஸ்கீம் மொழியை ஓட்டும் கைல் (Guile) 3.0-இல் எழுதிய நிரலை, அதே மொழியின் இன்னொரு கம்பைலரான சிக்கன் (CHICKEN) 5-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் 'ஏஇஃப்' என்று ஒரு மேக்ரோ, அதாவது ஓடும் முன்பே வேறு நிரலாக விரியும் வடிவம். நிபந்தனையின் மதிப்பை 'இட்' என்ற பெயரில் பிடித்துவைக்கும். உள்ளே அதை எடுத்துக்கொள்ளலாம். டிஃபைன்-மேக்ரோவில் எழுதியது. சிக்கனில் அது இல்லை என்பதால், மேக்ரோ எழுதும் இன்னொரு முறையான சின்டாக்ஸ்-ரூல்ஸுக்கு மாற்றினேன். சிக்கனின் கம்பைல் கட்டளையான சிஎஸ்சி கம்பைல் செய்துவிட்டது. ஓட்டினால் 'இட்' என்ற மாறியே இல்லை என்று நின்றுபோகிறது. மேக்ரோவுக்குள் லெட் போட்டு நான்தானே அதைக் கட்டினேன்?

பதில்:
கட்டியது நீங்கள்தான், ஆனால் அது வேறு 'இட்'. மேக்ரோ தானாகக் கொண்டுவரும் பெயரும், அழைக்கும் இடத்தில் நீங்கள் தட்டும் பெயரும் ஒட்டிக்கொள்ளாமல் சின்டாக்ஸ்-ரூல்ஸ் பார்த்துக்கொள்ளும். ஹைஜீன் என்பது அதுதான். டிஃபைன்-மேக்ரோ வெறும் லிஸ்டை ஒட்டித் தருவது, அதனால் கைலில் ஓடியது. அது எந்த ஸ்கீம் தரத்திலும் இல்லை. கைலும் காம்பிட் என்ற இன்னொரு ஸ்கீமும் வைத்திருக்கின்றன, சிக்கன் 4-ஆம் பதிப்பில் கழற்றிவிட்டது.

சிக்கனில் உள்ள ஐஆர்-மேக்ரோ-டிரான்ஸ்ஃபார்மர் என்ற மேக்ரோ முறையில் எழுதுங்கள். அதற்கு ஃபார்ம் (மேக்ரோவை அழைத்த வரி), இன்ஜெக்ட் (ஒரு பெயரை அழைக்கும் இடத்தின் பெயராகவே விடுவது), கம்பேர் (பெயர்களை ஒப்பிடுவது) என மூன்று வரும். 'இட்'டை மட்டும் இன்ஜெக்ட் வழியாக விடுங்கள், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பதில்:
அது சிக்கனோடு முடிந்துவிடும், கைலுக்குத் திரும்பினால் மறுபடி தலைவலி. கைலில் இதற்கு சின்டாக்ஸ்-கேஸ் என்ற மேக்ரோ முறை உண்டு, 2007-இல் வந்த ஆர்6ஆர்எஸ் தரத்திலும் உண்டு. 2013-இன் ஆர்7ஆர்எஸ் சிறு மொழியில் சின்டாக்ஸ்-ரூல்ஸ் மட்டும்தான். நானாக இருந்தால் பெயரையே முதல் ஆர்க்யூமென்டாகக் கேட்டிருப்பேன். பெயர் அழைக்கும் இடத்திலிருந்து வருவதால் சின்டாக்ஸ்-ரூல்ஸே போதும், இரண்டிலும் ஓடும். ஒரு ஏஇஃபுக்குள் இன்னொன்று வந்தாலும், வேறு பெயர் கொடுத்தால் உள்ளே இருப்பது வெளிப் பெயரை மறைக்காது. மதிப்பை ஒரே ஒரு புரொசீஜருக்குக் கொடுப்பதற்காக மட்டும் என்றால் மேக்ரோவே வேண்டாம், காண்ட் என்ற நிபந்தனை வடிவத்தின் அம்புக்குறி (=>) வகை போதும்.

கேட்டவர்:
பெயரைக் கொடுக்கும் வழி பிடித்தது, மாற்றிவிட்டேன். ஓடுகிறது. அப்புறம் இன்னொன்று. ஃபீல்டு பெயர்களைக் கோர்த்து ஃபங்ஷன் உண்டாக்கும் வேறொரு மேக்ரோவை, சிக்கனின் இன்னொரு மேக்ரோ முறையான ஈஆர்-மேக்ரோ-டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு உதவி ஃபங்ஷன் உண்டு. சிக்கனின் இன்டர்பிரட்டரான சிஎஸ்ஐயில் ஓடுகிறது, சிஎஸ்சியில் அந்த ஃபங்ஷன் இல்லை என்கிறது!

முதலில் பதில் சொன்னவர்:
சிஎஸ்ஐ மேலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே வரும். அதனால் மேக்ரோ விரியும்போது உதவி ஃபங்ஷன் ஏற்கனவே இருக்கும். சிஎஸ்சியில் மேக்ரோ கம்பைல் நேரத்தில் விரிகிறது. டிஃபைன் போட்டதோ நிரல் ஓடும் நேரத்துக்கு. டிஃபைன்-ஃபார்-சின்டாக்ஸ் என்று போடுங்கள். அதே ஃபங்ஷன் ஓடும் நேரத்திலும் வேண்டும் என்றால் தனியாக ஒரு டிஃபைனும் தேவை.

கேட்டவர்:
அட, கைலில் அதை, எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் இவால்-வென்னுக்குள் வைத்திருந்தேன். ஏன் என்று மறந்துபோய், தேவையில்லாத சுமை என நானே எடுத்துவிட்டேன். இப்போது கம்பைல் ஆகிவிட்டது, நன்றி.