காரைக்குடி: நெறிமுறைக் குழுவுக்குப் பொது உறுப்பினர் தேவை

வணக்கம். காரைக்குடி மருத்துவமனை ஒன்றில், நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு 3 மாதமாகக் கூட முடியவில்லை. ‘லே பர்சன்’ எனப்படும் பொதுமக்கள் பிரதிநிதி விலகிவிட்டார். அவர் இல்லாததால் கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை (கோரம்) அமையவில்லை. சர்க்கரை நோய்க் கால்புண் ஆய்வு ஒன்று அனுமதிக்குக் காத்திருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், மருத்துவமனையோடு தொடர்பில்லாதவராகவும், கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவம் சார்ந்த வேலை பார்க்காதவராகவும் இருக்க வேண்டும். இந்த 5 ஆண்டு விதியில்தான் சிக்கல். ஆர்வமாக வந்த செவிலியர் ஓய்வுபெற்று 2 ஆண்டுதான் ஆகிறது. நகரத்தார் கோயில் காரியக்காரர் (நிர்வாகி) ஒருவர் இசைந்தார். ஆனால் மருத்துவமனை அறக்கட்டளையிலும் இருக்கிறார். பள்ளத்தூர், தேவகோட்டை ஆசிரியர்கள் 4 பேர் ஆங்கில ஆவணங்களைப் பார்த்துத் தயங்கினார்கள். அவர்களிடம், ஆய்வில் சேரும் நோயாளிகள் படித்துக் கையெழுத்திடும் தமிழ் ஒப்புதல் படிவத்தை முதலில் கொடுத்திருக்க வேண்டும். ‘இது நம்ம ஊர் ஆத்தாளுக்குப் புரியுமா?’ என்று கேட்பதுதான் அந்த உறுப்பினரின் முக்கிய வேலை. வெறும் கையெழுத்துக்கு ஆள் வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கூட்டம் மாதம் ஒருமுறை, சுமார் 2 மணி நேரம். பயணச் செலவும் பயிற்சியும் உண்டு.

சிறிய ஊர்களில் குழு நடத்துபவர்களே, தகுதியான பொது உறுப்பினரை நீங்கள் எந்த வழியில் கண்டுபிடித்தீர்கள்?