குடும்ப வன்முறை: காவல்துறை ஆய்வறிக்கைகள் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழும் தமிழ்ப் பெண்களுக்காக, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களைக் காவல்துறை எவ்வாறு பாதுகாக்கிறது என்பதை விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தயாரித்து வருகிறேன்.

அங்குள்ள 43 காவல் படைகளையும் ஆராய்ந்து, காவல்துறையின் செயல்பாட்டை மதிப்பிடும் அமைப்பான காவல்துறைக் கண்காணிப்பகம் (HMIC) 2014 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையே எனக்கு அடிப்படை. அடிபட்ட பெண்ணின் காயங்களைப் படம் எடுத்தார்களா, அவர் இருந்த அறையின் நிலையைக் குறித்துக்கொண்டார்களா என்று வழக்குக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு அது. இந்த அடிப்படை வேலைகூடப் பல வழக்குகளில் நடக்கவில்லை என்பதைப் படிக்கையில் மனம் பதறுகிறது.

விசா நிலை உறுதியில்லாத பெண்கள் புகார் கொடுக்கவே அஞ்சுகிறார்கள். அவர்களுடைய விவரங்களைக் காவல்துறை குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பதை எதிர்த்து, லிபர்ட்டி என்ற மனித உரிமை அமைப்பும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் உரிமை அமைப்பும் 2018இல் முறையிட்டன. அதை விசாரித்த கண்காணிப்பகமும் பிற அமைப்புகளும் 2020 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டன. இப்போது நடைமுறை எப்படி இருக்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

குறிப்பாக, காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். "மிகவும் பயமாக இருக்கிறதா?" என்பது போல, பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று கணிப்பதற்கான கேள்விகளைக் காவலர்கள் கேட்கும்போது, கணவரின் உறவினரோ வீட்டுப் பிள்ளைகளோ மொழிபெயர்க்கும் நிலை உண்டா? அல்லது தொலைபேசி வழியாகவேனும் வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்கிறார்களா?

பெயர், ஊர், வழக்கு விவரம் எதையும் பொதுவில் பதிவிடாமல், தனிச்செய்தியில் எழுதும்படி அன்புடன் வேண்டுகிறேன்.